வீட்டுக்கு ஒரு ரேடியோ: முதலில் கேட்கப் பழகுவோம்



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு படம் வந்தது. உள்ளங்கை அளவுக் கறுப்புப் பெட்டி, தலையில் குட்டை ஏரியல். “50 கிலோமீட்டர் வரைக்கும் பேசலாமாம். போலீஸ், கப்பல், விமானம் எல்லாத்தையும் ஒட்டுக் கேக்கலாமாம். கடலுக்குப் போற நம்ம பசங்களுக்கு உதவும். வாங்கலாமா டீச்சர்?” என்று ஒருவன் கேட்டிருந்தான். அதற்குக் கீழே பலர் “எனக்கும் லிங்க் அனுப்பு” என்றார்கள். இன்னொருவனோ, “செல்போன் இருக்கும்போது ரேடியோ எதுக்கு? அது டீச்சர் காலத்துச் சாமான்” என்று சிரிப்புப் பொம்மை போட்டிருந்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து இந்தப் பதில். கொஞ்சம் நீளம்தான். ஐப்பசி, கார்த்திகை வந்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கும் ஊர்க்காரர்கள் நாம், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். பேசும் கருவியை, அதற்கான சட்டத்தையும் முறையையும் கற்ற பிறகுதான் தொட வேண்டும். அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்கும் ஆசைக்கு இரண்டிலும் இடமில்லை.

முதலில் செல்போன்காரனுக்கு. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் உங்களுக்குத் தெரியும். 10ஆம் எண் ஏற்றினால் பெரும் அபாயம். அதற்கு மேலும் ஒரு கூண்டு உண்டு, 11ஆம் எண். அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் “பத்தைவிடப் பெரிய புயல்” என்றுதான் பலர் சொல்வார்கள். அது தவறு. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் ஆபத்து இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். காற்றின் வேகத்தை எல்லாம் எண்ணி முடித்த பிறகு, வரிசையின் கடைசியில் “செய்தி வரவில்லை” என்பதை வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையை வகுத்தவர்களுக்குக் கடலும் தெரிந்திருக்கிறது, மனிதனும் தெரிந்திருக்கிறான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. எத்தனையோ கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் கோபுரம் கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் அதிலுள்ள பேட்டரியும் ஜெனரேட்டரும் சிறிது நேரம் தாங்கும், பிறகு அதுவும் படுத்துவிடும். கோபுரத்தை இணைக்கும் கேபிள் அறுந்தால் அந்தச் சிறிது நேரமும் கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்தின் நடுவே மாட்டிக்கொண்டார்கள். வெளியூரிலிருந்த பிள்ளைகள் ஊரிலிருந்த அப்பா அம்மாவுக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்தார்கள். நம் குழுவிலேயே அப்படித் தவித்தவர்கள் இருக்கிறீர்கள். அந்த நேரத்தில் நூறு சதவீதம் சார்ஜ் இருக்கும் போன்கூட வெறும் டார்ச் லைட்தான்.

“போனிலேயே எஃப்.எம். இருக்கே” என்பீர்கள். எடுத்துப் பாருங்கள். இன்றைய பல போன்களில் அது இல்லை. இருந்தாலும் வயர் வைத்த இயர்போன் செருகினால்தான் பெரும்பாலும் வேலை செய்யும், ஏனென்றால் அந்த வயர்தான் ஏரியல். நீங்கள் எல்லாரும் வயர் இல்லாத இயர்போனுக்கு மாறிவிட்டீர்கள். 2023இல் மத்திய அரசே கைபேசித் தயாரிப்பாளர்களிடம் எஃப்.எம். வசதியை முடக்காமல் வையுங்கள் என்று அறிவுறுத்தியது. பேரிடர் நேரத்தில் அது உதவும் என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆக, ரேடியோ டீச்சர் காலத்துச் சாமான் மட்டும் இல்லை.

இப்போது ரேடியோவின் பலம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவும் மலையும் அதைத் தடுக்கும். அதனால்தான் கொடைக்கானல் மலைமேல் இருக்கும் 100.5 எஃப்.எம். அத்தனை மாவட்டங்களுக்குக் கேட்கிறது, சமவெளியில் இருக்கும் நிலையம் சில பத்துக் கிலோமீட்டரில் மங்கிவிடுகிறது. மீடியம் வேவ் அப்படி இல்லை. அது தரையைத் தழுவிக்கொண்டே போகும். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ், திருநெல்வேலியின் 1197, கோவையின் 999, சென்னையின் 720 எல்லாம் இந்த வகை. ஓரிடத்தில் நிற்கும் ஒரு கோபுரம் பல மாவட்டங்களுக்குச் செய்தி சொல்லும். வேதாரண்யத்தில் எல்லாக் கம்பமும் சாய்ந்தாலும் திருச்சிக் கோபுரம் நின்றால் போதும், நமக்குச் செய்தி வரும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நாட்டில் பல இடங்களில் மீடியம் வேவ் ஒலிபரப்பை நிறுத்தி, எஃப்.எம்.முக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பழைய கருவி, மின்சாரச் செலவு, கேட்பவர் குறைவு என்று காரணம் சொல்கிறார்கள். காரணம் பொய் இல்லை. ஆனால் கடலோர மாவட்டங்களுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. தீயணைப்பு வண்டியை தினமும் எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று எண்ணியா வைத்திருக்கிறோம்? வருஷத்தில் நான்கு இரவுக்காக ஒரு கோபுரம் நிற்க வேண்டுமென்றால் அது நிற்கத்தான் வேண்டும். உங்களில் அரசுப் பணியில் இருப்பவர்களும் பத்திரிகையில் இருப்பவர்களும் இதை உரிய இடத்தில் சொல்லுங்கள்.

சரி, ரேடியோ வாங்கியாயிற்று. வாங்கிப் பரண்மேல் போட்டால் அது பொம்மை. அதைப் பயன்படுத்துவது ஒரு பழக்கம்.

வாங்கும்போது மீடியம் வேவ், எஃப்.எம். இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் எங்கும் கிடைக்கும் பேட்டரிக் கட்டையில் ஓடுவது நல்லது. உள்ளேயே சார்ஜ் ஏறும் பேட்டரி மட்டும் உள்ள பெட்டி, கரண்ட் போன மூன்றாம் நாள் போனைப் போலவே செத்துவிடும். கையால் சுற்றி சார்ஜ் ஏற்றும் வகையும் உண்டு, அது கூடுதல் வசதி.

எஃப்.எம். கேட்க நீட்டும் ஏரியலை வெளியே இழுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது சுமார் 75 சென்டிமீட்டர் ஏரியல் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். மீடியம் வேவுக்கு அந்தக் கம்பியால் பயனில்லை. 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 417 மீட்டர், அதற்குக் கால்பங்குக் கம்பியை யார் தூக்குவது? அதனால் பெட்டிக்குள்ளேயே கம்பி சுற்றிய கறுப்புக் குச்சி ஒன்று இருக்கும். அதன் முனை நிலையத்தைப் பார்த்து இருந்தால் சத்தம் குறையும், அதன் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் கூடும். ஆகவே சத்தம் சரியில்லை என்றால் பெட்டியைத் தட்டாதீர்கள், மெதுவாகத் திருப்புங்கள். பழைய வீடுகளில் தாத்தாக்கள் டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பி வைத்தது இதற்காகத்தான்.

“மீடியம் வேவ் வெச்சா ஒரே கொர்ர்ர் சத்தம் டீச்சர்” என்பார்கள். அந்தக் கொர்ரில் பாதி நம் வீட்டிலேயே பிறப்பது. எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வர்ட்டர், செட் டாப் பாக்ஸ் எல்லாம் அந்த இரைச்சலைக் கிளப்பும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஜன்னல் ஓரம் வைத்தால் இன்னும் தெளியும். புயல் இரவில் தெருவே இருண்டுவிட்டால் இந்த இரைச்சல் எல்லாம் அடங்கிவிடும். மற்ற எல்லாம் நின்றுபோகும் நேரத்தில் ரேடியோ முன்னைவிட நன்றாகக் கேட்கும்.

இரவில் இன்னொன்றும் நடக்கும். சூரியன் மறைந்ததும் வானத்தின் மேலடுக்கில் ஏற்படும் மாற்றத்தால் மீடியம் வேவ் அலை அங்கே பட்டுத் திரும்பி, பகலில் எட்டாத தூரத்து நிலையங்களும் கேட்கும். இலங்கை கேட்கும், வட இந்தியா கேட்கும். கேட்க இனிமைதான். ஆனால் எச்சரிக்கை கேட்கும்போது எந்த நிலையம், எந்த ஊருக்குச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். அடுத்த மாநிலத்துக்குச் சொன்னதை நம் ஊருக்கு என்று எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது.

இதற்குத்தான் ஒரு நோட்டும் பென்சிலும் ரேடியோவோடு கட்டி வைக்கச் சொல்கிறேன். கேட்டதை எழுதுங்கள்: மணி என்ன, எந்த நிலையம், எந்த மாவட்டம், எங்கே கரையேறும், எப்போது, காற்று எவ்வளவு. ஒருவர் கேட்க ஒருவர் எழுதட்டும். பயத்தில் இருக்கும் மனம் பாதியைக் கேட்டு மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஒவ்வொரு பெருமழைக்கும் “ஏரி உடைஞ்சிடுச்சு” என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் அலறுகிறதே, அது எங்கிருந்து, எந்த மணிக்குச் சொன்னது என்று யாராவது எழுதி வைத்திருக்கிறோமா? எழுதியதைப் பார்த்துச் சொன்னால் வதந்திக்கு இடம் குறையும்.

செய்தியைக் கேட்டுவிட்டு அணைத்துவிடுங்கள். அடுத்த செய்தி நேரத்துக்கு மறுபடி போடுங்கள். சத்தத்தை அளவாக வைத்தால் இரண்டு பேட்டரிக் கட்டை பல நாள் வரும். காற்று திடீரென்று ஓய்ந்தால் மட்டும் உடனே போட்டுக் கேளுங்கள். புயல் போய்விட்டது என்று வெளியே வந்து ஓட்டைப் பார்க்கிறவர்கள், மாட்டைத் தேடுகிறவர்கள் உண்டு. அது புயலின் கண்ணாக இருக்கலாம். கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடிக்கும். கரையேறி முடிந்ததா இல்லையா என்பதை ரேடியோ சொல்லட்டும், நம் ஊகம் சொல்ல வேண்டாம்.

பாதுகாப்பு பற்றிச் சில வார்த்தை. சின்னப் பெட்டிதானே என்று அலட்சியம் கூடாது. அதிக நாள் பயன்படுத்தாவிட்டால் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். இல்லாவிட்டால் கசிந்து பெட்டியைத் தின்றுவிடும். வெள்ளையாகப் பூத்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். பழையதும் புதியதும் கலந்து போடாதீர்கள். தீர்ந்ததை அடுப்பில் எறியாதீர்கள். பட்டன் பேட்டரி போடும் ரகமாக இருந்தால் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. நன்றாகக் கேட்கட்டும் என்று மொட்டை மாடியில் வயர் கட்டுகிறவர்கள் மின்கம்பி இருக்கும் பக்கமே போக வேண்டாம். இடி மின்னல் வரும் முன்பே அந்த வயரைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். இடிக்கும்போது போய்க் கழற்றவும் கூடாது. இயர்போன் மாட்டிக்கொண்டு ரயில் பாதையிலோ ரோட்டிலோ நடக்காதீர்கள். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வையுங்கள், ஈரமாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள்.

இனி, கறுப்புப் பெட்டி கேட்டவனுக்கு. தம்பி, உன் எண்ணம் நல்லது. ஆனால் விளம்பரத்தில் சொன்ன 50 கிலோமீட்டரை நம்பாதே. அந்த அலையும் நேர்கோட்டில்தான் போகும். கடல் மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் கையில் பிடித்துப் பேசினால் அடிவானம் சுமார் 6 கிலோமீட்டர். அடுத்த படகிலும் அதே உயரம் என்றால் இரண்டும் சேர்ந்து 11, 12 கிலோமீட்டர். கரையில் 50 மீட்டர்க் கோபுரம் இருந்தால் 35 கிலோமீட்டர் வரலாம். பூமி உருண்டை என்பதை எந்த விளம்பரமும் மாற்ற முடியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் படகுகள் பல அதற்கு முன்பே வெகுதூரம் போய்விட்டிருந்தன. எச்சரிக்கை அவர்களுக்கு எட்டவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளாவிலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகுதான் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை வாங்கும் கருவிகள் மீது கவனம் கூடியது. இஸ்ரோவின் நாவிக் கருவியும், 2019இல் வந்த ஜெமினி கருவியும் அப்படி வந்தவை. ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதே. மீன்வளத்துறையில் விசாரித்து முறையான கருவியை வாங்கச் சொல்.

சட்டமும் இருக்கிறது. ஒரு காலத்தில் வீட்டு ரேடியோவுக்கே தபாலாபீசில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகம் வைத்திருந்தோம், பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அது எண்பதுகளில் போய்விட்டது. ஆனால் பேசும் கருவிக்கு இன்றும் விதிகள் உண்டு. நம் நாட்டில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள, குறைந்த சக்திகொண்ட வாக்கி டாக்கியை மட்டும், அரசின் வகை ஒப்புதல் பெற்றதாக இருந்தால், உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு உரிமம் வேண்டும். ஆன்லைனில் கண்டபடி விற்பதைத் தடுக்க 2025இல் தனி வழிகாட்டுதலே வந்திருக்கிறது. விற்கிறான் என்பதற்காக வைத்திருக்கலாம் என்று ஆகிவிடாது.

போலீஸ் பேச்சை ஒட்டுக் கேட்கலாம் என்ற ஆசையை அடியோடு விடு. சட்டப்படியும் தப்பு, முறைப்படியும் தப்பு. மீட்புப் பணியில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசும் பாதி வார்த்தையைக் கேட்டு, அதைக் குழுவில் போட்டு, ஊரையே ஓட வைப்பதில் என்ன சேவை இருக்கிறது? ஆம்புலன்ஸ் வரும் வழியில் கூட்டம் கூடினால் யாருக்கு நஷ்டம்?

உனக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் ஹாம் ரேடியோ தேர்வு எழுது. 12 வயதிலிருந்தே எழுதலாம். உன் மகளையும் சேர்த்து உட்கார வை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஹாம் ரேடியோ நிலையம் அமைக்கக் குழுவோடு போர்ட் பிளேர் போயிருந்தார். 26ஆம் தேதி சுனாமி வந்தது. போன் எல்லாம் போன அந்தமானிலிருந்து அவர் குழுவின் கருவிதான் வெளியுலகத்துக்குச் செய்தி கொண்டுவந்தது. முறையாகக் கற்று, உரிமம் வாங்கி, பழகியிருந்ததால் அது அன்றைக்கு உதவியது. ரேடியோ ஆம்பளைகள் சாமான் என்று நினைக்கும் உறவுக்காரர்களும் இதைக் குறித்துக்கொள்ளவும். புயல் அன்று வீட்டில் இருப்பது பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும்தான். பெட்டியைப் போடவும் நிலையம் பிடிக்கவும் அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

படகில் ஏற்கெனவே கடல்சார் வி.எச்.எஃப். கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 16ஆம் சேனல் ஆபத்து அழைப்புக்கானது, அதில் கதை பேசாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் “மேடே” என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்குமிடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்று நிதானமாகச் சொல்லுங்கள். பிறகு பட்டனை விட்டுவிட்டுக் கேளுங்கள். பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பவனுக்கு எதிராளி பேசுவது கேட்காது. இது கடலுக்கு மட்டும் சொன்னதல்ல, வகுப்பறையிலும் குடும்பத்திலும் எனக்கு இதே அனுபவம்தான்.

வழக்கம்போல வீட்டுப்பாடம் உண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ரேடியோ இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் வாங்குங்கள். பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை மெல்லத் திருப்பி, உங்கள் ஊரில் எந்த நிலையம் எந்த எண்ணில் தெளிவாகக் கேட்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பெட்டியின் முதுகில் ஒட்டுங்கள். பக்கத்திலேயே 1077 (மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை), 1554 (கடலோரக் காவல்படை) என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். பிறகு வீட்டில் இருக்கும் பெரியவர் கையில் கொடுத்து, நீங்கள் சொல்லித் தராமல் அவரே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கு வந்துவிட்டால் உங்களுக்கு நூற்றுக்கு நூறு.

உங்கள் ஊரில் எந்த நிலையம் கேட்டது என்று எனக்கு எழுதுங்கள். ஊர்வாரியாகப் பட்டியல் போட்டு, ஐப்பசிக்கு முன்னால் எல்லாருக்கும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்